மூச்சு முட்டினால்தான் பார்ப்பீர்களா?

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும், ரூமட்டாலஜி (வாதநோய்), கார்டியாலஜி (இதயநோய்) பிரிவுத் தலைவர்களுக்கும், உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயோடு வாழும் ஒருத்தி எழுதும் திறந்த மடல்

லூபஸ் கிளினிக் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போன செவ்வாய்க்கிழமை படித்தேன். அறிகுறி இல்லாத நோயாளிகளுக்கு இனிமேல் வழக்கமான எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) கிடையாது. எக்கோவில் குறை தெரிந்தவர்களுக்கு மட்டுமே இதய எம்ஆர்ஐ பரிந்துரைக்கப்படும். ஆள் பற்றாக்குறை, காத்திருப்போர் பட்டியல் என்று காரணமும் போட்டிருந்தீர்கள். காரணம் பொய் என்று சொல்ல வரவில்லை. எக்கோ அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் நான் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் சில நாட்களாவது தேறும். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருமுறை சேர்த்துப் படித்துப் பாருங்கள். அறிகுறி இல்லையென்றால் எக்கோ இல்லை. எக்கோவில் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ இல்லை. என் இதயத்தில் இருந்த சேதம் இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில்தான் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

எனக்கு லூபஸ் என்று உறுதியானபோது வயது 23. இப்போது 37. முதலில் விரல் மூட்டுகள், பிறகு கன்னத்தில் சிவப்பு, நான்காம் வருடம் சிறுநீரகம். சிறுநீரகத்தை நீங்கள் கவனித்த விதத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தீர்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன நாளிலும் பார்த்தீர்கள். கண்ணையும் அப்படித்தான். லூபஸுக்கு நான் எடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரையைத் தொடக்கூடும் என்பதற்காக மாத்திரை தொடங்கிய வருடமே ஒரு பரிசோதனை, 5 ஆண்டு கடந்ததும் வருடத்துக்கு ஒன்று. பார்வை மங்கினால் வா என்று யாரும் சொல்லவில்லை. மங்கிய பிறகு வந்தால் போன விழித்திரை திரும்பாது என்று உங்களுக்குத் தெரியும். மருந்தால் அரிதாக வரக்கூடிய ஒன்றுக்காகக் கண்ணை வருடந்தோறும் பார்க்கிறீர்கள். நோயே நேராகப் போய்த் தாக்கும் இதயத்தை மட்டும் அது கூப்பிட்டால் பார்க்கலாம் என்கிறீர்கள்.

அறிகுறி என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டும்.

பதினோராம் வருடம் என்று நினைக்கிறேன். இரண்டாவது மாடிக்கு ஏறும்போது நடுப்படியில் நின்று, போனில் ஏதோ வந்ததுபோல் எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு நிற்கும் மரியாதை தெரிந்தவள் என்று பெயரும் கிடைத்தது. சில மாதங்களில் லிஃப்ட் இருக்கும் வழியைத் தேடிப் போகும் பழக்கம் வந்தது. துணி உலர்த்தும் வேலை எப்படியோ தம்பி கைக்குப் போனது. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது உட்கார்ந்து துவட்டினால் சுகமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். இவை எதையும் நான் நோய் என்று எண்ணவில்லை. கிளினிக்கில் "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டபோது "இல்லை டாக்டர்" என்றேன். பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் எதையும் நான் செய்வதை நிறுத்தியிருந்தேன்.

லூபஸ்காரர்களிடம் அறிகுறி கேட்பதில் உள்ள சிக்கல் இதுதான். களைப்பு எங்களுக்குப் புதிய விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். அது ஒரு படி கூடினால் எங்களுக்கே தெரியாது. தெரிந்து சொன்னாலும் அதற்கு ஏற்கெனவே நாலு விளக்கம் தயாராக இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைவு. ஸ்டீராய்டால் கூடிய எடை. நுரையீரல் உறையில் முன்பு வந்த அழற்சி. இவை எல்லாவற்றையும் தாண்டினால் கடைசியில் மனக்கவலை. நான் பின்னால் வாய் திறந்து சொன்னபோது இந்த நாலும் இதே வரிசையில் எனக்குச் சொல்லப்பட்டன. எதுவும் மடத்தனமான விளக்கம் இல்லை. எனக்கு ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நாலு நியாயமான விளக்கங்களின் நிழலில் ஐந்தாவது ஒன்று வசதியாக ஒளிந்துகொள்ளும். எனவே அறிகுறி வைத்து இதயத்தைத் தேடுவது என்ற விதி வேறு யாருக்குப் பொருந்தினாலும் எங்களுக்குப் பொருந்தாது.

எக்கோ எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தார்கள். என் கோப்பில் அடுத்தடுத்து மூன்று ரிப்போர்ட் இருக்கிறது. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் பங்கான இஎஃப் 62 சதவீதம், 60 சதவீதம், 61 சதவீதம். மூன்றிலும் அடியில் ஒரே வரி: நார்மல். அந்தச் சொல்லை நான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நார்மல் என்று எழுதிக் கொடுத்த பிறகு மூச்சு வாங்குகிறது என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

நாலாவது எக்கோவை எடுத்தவர் ஒரு இளம் பயிற்சி மருத்துவர். வழக்கமான அளவுகளை எடுத்து முடித்த பிறகு, "லூபஸ்தானே, ஸ்ட்ரெயினும் பார்த்துடறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூடுதலாகச் சில நிமிடங்கள். அதே கருவி, அதே படுக்கை, இதயத்தின் முனைப் பக்கத்திலிருந்து அதே மூன்று கோணப் படங்கள். மென்பொருள் மட்டும் வேறு. திரையில் இலக்குப் பலகை மாதிரி ஒரு வட்டம் வந்தது. முழுச் சிவப்பாக இருக்க வேண்டிய அதில் ஒரு பக்கம் வெளிறிக் கிடந்தது. ஸ்ட்ரெயின், அதாவது துடிக்கும்போது தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற எண், மைனஸ் 14. ஆரோக்கியமான இதயத்தில் 20-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. (மைனஸ் குறியைப் பார்த்து நான் முதலில் பயந்துபோனேன். தசை நீளம் குறைவதைக் காட்டும் குறி அது, எல்லோருக்கும் மைனஸ்தான் என்று அவரே சொன்னார்.) அன்றைக்கும் இஎஃப் 60.

இது எப்படி என்று உங்கள் கார்டியாலஜி பிரிவுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவிப்பில் கையெழுத்திட்ட நிர்வாகக் குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இருப்பதால், எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இஎஃப் என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமிருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. இதயத் தசையில் உட்பக்க இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. நடு அடுக்கு இழைகள் வட்டமாகச் சுற்றி ஓடுகின்றன. பெரும்பாலும் முதலில் சோர்வது உட்பக்க இழைகள். அப்போது வட்ட இழைகள் கூடுதலாக இழுத்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். வெளியே போகும் ரத்தத்தின் பங்கு மாறாது. வீட்டில் ஒருவர் சம்பாத்தியம் நின்றும் இன்னொருவர் இரட்டை வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினால், வரவுசெலவு நோட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது அல்லவா, அதுபோல. ஸ்ட்ரெயின் யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று தனியாகப் பார்க்கிறது. இஎஃப் கடைசித் தொகையை மட்டும் பார்க்கிறது.

பிறகு எம்ஆர்ஐ. ஒரு மணி நேரம் குழாய்க்குள் படுத்து, "மூச்சை விடுங்க, நிறுத்துங்க" என்ற குரலுக்குக் கட்டுப்பட்டு, பத்துப் பதினைந்து விநாடி வீதம் திரும்பத் திரும்ப மூச்சை நிறுத்த வேண்டும். நுரையீரல் உறையில் அழற்சி வந்து போனவளுக்கு அந்த விநாடிகள் எவ்வளவு நீளம் என்று ஸ்கேன் எடுத்த தொழில்நுட்பப் பணியாளர் புரிந்துகொண்டு இடைவெளி கொடுத்தார், அவருக்கு நன்றி. முடிவு இரண்டு செய்திகளைச் சொன்னது. தசையில் இருக்கும் நீரைக் காட்டும் டி2 அளவு உயர்ந்திருந்தது. அப்படியென்றால் அழற்சி இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. நீருக்கும் தழும்புக்கும் சேர்த்து உயரும் டி1 அளவும் கூடியிருந்தது. கடோலினியம் என்ற சாய மருந்தை ஏற்றி எடுத்த படத்தில் பக்கச் சுவரின் நடு அடுக்கில் ஒரு வெள்ளைத் திட்டு. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் தழும்பு உள்சுவரிலிருந்து வெளிநோக்கிப் பரவும். என்னுடையது நடுவில் இருந்ததால் இது லூபஸ் நேரடியாகத் தசையில் செய்த வேலை என்றார்கள். இந்த வேறுபாட்டைக் காட்ட உடலைக் கீறாத வழியில் எம்ஆர்ஐக்கு நிகரானது இல்லை. ஈசிஜி இதைச் சொல்லவில்லை. மூன்று எக்கோவும் சொல்லவில்லை.

என் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தை மாற்றினார்கள். கொஞ்ச காலத்துக்கு ஸ்டீராய்டைக் கூட்டி மெல்லக் குறைத்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை சேர்ந்தது. ஒன்பது மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் டி2 இறங்கியிருந்தது. வெள்ளைத் திட்டு அப்படியே இருந்தது. வீக்கம் வற்றும், தழும்பு வற்றாது என்று எனக்கு விளக்கினார்கள். நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: இரண்டு வருடம் முன்னால் பார்த்திருந்தால் அந்தத் திட்டு இருந்திருக்குமா? யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு அறிவிப்பைப் பார்த்த பிறகு உங்களிடம் கேட்கிறேன்.

இது என் ஒருத்தியின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. லூபஸ் இதய வால்வுகளில் உண்டாக்கும் முடிச்சுகளை லிப்மேன், சாக்ஸ் என்ற மருத்துவர்கள் எழுதிவைத்தது 1924-இல். நூறு ஆண்டு கடந்துவிட்டது. 1976-இல் டொரன்டோவில் யுரோவிட்ஸ் என்ற மருத்துவரின் குழுவினர் லூபஸ் மரணங்கள் இரண்டு அலைகளாக வருவதைக் காட்டினார்கள்: தொடக்கக் காலத்தில் நோயின் தீவிரத்தாலும் தொற்றாலும், பல ஆண்டு கழித்து, நோய் அடங்கியிருக்கும்போது, மாரடைப்பால். இரண்டாவது அலையில் போனவர்கள் உங்கள் அறிவிப்பின்படி "அறிகுறி இல்லாதவர்கள்" பட்டியலில் இருந்திருப்பார்கள். 1997-இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆய்வில் 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுப் பிற பெண்களைவிட 50 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அந்த வயதில் மாரடைப்பே அரிது என்பதால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்று ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். சரி. அந்த அரிதான சிலரில் எங்களவர்கள் ஏன் இத்தனை பேர்?

2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று கழுத்துத் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்த்தது: லூபஸ் உள்ளவர்களில் 37 சதவீதத்தினருக்குக் கொழுப்புப் படிவு, மற்றவர்களில் 15 சதவீதம். மற்றொன்று சிடி ஸ்கேனில் இதயத் தமனியின் சுண்ணாம்புப் படிவைப் பார்த்தது: 65 லூபஸ் நோயாளிகளில் 20 பேர், நோயில்லாத 69 பேரில் 6 பேர். வழக்கமான ஆபத்துக் காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் போகவில்லை. 2013-இல் லண்டனில் இதய அறிகுறி எதுவுமே இல்லாத லூபஸ் நோயாளிகளை எம்ஆர்ஐயில் பார்த்தபோது தசையின் டி1, டி2 அளவுகள் உயர்ந்திருந்தன. பிரிட்டனில் 2017-இல் வந்த க்யூரிஸ்க்3 இதய ஆபத்துக் கணிப்பானில் லூபஸ் என்று தனிக் கட்டமே இருக்கிறது. கணினிக்கே தெரிந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

என்னோடு கிளினிக்கில் 9 வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் அக்கா ஒருத்தர். போன வருடம், 39 வயதில், நெஞ்செரிச்சல் என்று அவசரப் பிரிவுக்குப் போனார். இந்த வயதுப் பெண்ணுக்கு வாயுத் தொல்லையாகத்தான் இருக்கும் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை மாரடைப்பு என்று உறுதியானது. ஸ்டென்ட் வைத்து உயிர் பிழைத்தார். இன்று அவருடைய இஎஃப் 38. இப்போது அவருக்கு எல்லா ஸ்கேனும் தாராளமாகக் கிடைக்கிறது.

உங்கள் தரப்பில் சொல்லப்படுவதையும் நான் காது கொடுத்துக் கேட்டேன். அறிகுறி இல்லாதவர்களை ஸ்கேன் செய்து முன்கூட்டியே சிகிச்சை கொடுத்தால் ஆயுள் கூடும் என்று பெரிய சோதனைகள் நிரூபிக்கவில்லை என்கிறீர்கள். உண்மை. ஆனால் அந்தச் சான்று வரும்வரை பார்க்காமல் இருப்பது என்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் சான்று கேட்கப்பட வேண்டும். எல்லோரையும் ஸ்கேன் செய்தால் பொய்யான அபாய மணிகள் அடிக்கும் என்கிறீர்கள். அதுவும் சரி. அதனால்தான் நான் எல்லோருக்கும் எம்ஆர்ஐ கேட்கவில்லை. சிடி கேட்கவே இல்லை. இளம் பெண்களுக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு வேண்டாம், தவிர எங்கள் வயதில் படிவு இன்னும் சுண்ணாம்பாக இறுகாமல் மெத்தென்று இருக்கும்போது சுண்ணாம்புக் கணக்கு பூஜ்யம் காட்டி ஏமாற்றவும் கூடும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கடோலினியம் ஆபத்து என்ற வாதத்துக்குப் பதில் உங்கள் ஸ்கேன் அறையிலேயே இருக்கிறது. டி1, டி2 படங்களுக்கு மருந்து ஏற்றவே தேவையில்லை.

இனி என் கோரிக்கைகள்.

அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். லூபஸ் என்று உறுதியாகும் ஒவ்வொருவருக்கும் ஆரம்பத்திலேயே ஸ்ட்ரெயினோடு கூடிய ஒரு எக்கோ எடுத்துக் கோப்பில் வையுங்கள். பிற்பாடு எதோடு ஒப்பிடுவது என்று திகைக்காமல் இருக்க அந்த முதல் எண் வேண்டும். அடுத்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை ஆளுக்கேற்ப ரூமட்டாலஜி, கார்டியாலஜி இரு பிரிவும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் எதிர்ப்பான் உள்ளவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், இதய உறையில் முன்பு நீர் கோத்தவர்கள் இவர்களுக்கு இடைவெளி குறைவாக இருக்கட்டும்.

எக்கோ ரிப்போர்ட்டில் ஸ்ட்ரெயின் எண்ணையும், எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்தது என்பதையும் எழுதுங்கள். கருவிக்குக் கருவி எண் மாறுகிறது. இது தெரியாமல் போன வருடம் இறங்கியது என்று பயந்தவர்களும், ஏறியது என்று நிம்மதியானவர்களும் எங்களில் உண்டு. நார்மல் என்ற ஒற்றைச் சொல்லோடு ரிப்போர்ட்டை முடிக்காதீர்கள்.

எம்ஆர்ஐக்கு இஎஃப் குறைய வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள். ஸ்ட்ரெயின் இறங்கினாலோ, இதயப் பாதிப்பை ரத்தத்தில் காட்டும் ட்ரோபோனின் அல்லது என்டி-புரோபிஎன்பி காரணமில்லாமல் உயர்ந்தாலோ, ஓய்விலும் நாடி வேகமாக ஓடினாலோ ரூமட்டாலஜி மருத்துவரே நேராக அனுப்ப வழி செய்யுங்கள். ஸ்கேனில் டி1, டி2 இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். காந்த வலிமையில் வேறான 1.5 டெஸ்லா கருவிக்கும் 3 டெஸ்லா கருவிக்கும் இயல்பு அளவு வேறு என்பதால், உங்கள் கருவிக்கான இயல்பு வரம்பை நீங்களே ஆரோக்கியமானவர்களைக் கொண்டு நிர்ணயித்து ரிப்போர்ட்டில் அச்சிடுங்கள். மறுபடி எடுக்கும்போது அதே கருவியில் எடுங்கள்.

"மூச்சு வாங்குதா?" என்ற கேள்வியை மாற்றுங்கள். "ஆறு மாதம் முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை? ஏன்?" என்று கேளுங்கள். இதற்குக் கருவி வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம். நான் அன்றைக்கே மாடிப்படியைச் சொல்லியிருப்பேன்.

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலர் 2022-இல் வெளியிட்ட பரிந்துரையில் லூபஸ் நோயாளிகளின் ரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைப்பதை இலக்காகக் கருத வேண்டும் என்று இருக்கிறது. என் கோப்பில் 138/88 என்ற அளவு ஆறு முறை எழுதப்பட்டு, ஆறு முறையும் யாரும் அடிக்கோடிடாமல் கடந்துபோயிருக்கிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனைத் தாளிலேயே ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் ஒரு கட்டம் போட்டு, அளவு தாண்டினால் அன்றைக்கே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

அவசரப் பிரிவில், பதிவு எண்ணை அடித்தவுடன் லூபஸ் என்று திரையில் தெரியும்படி செய்யுங்கள். நெஞ்சில் எந்தத் தொந்தரவோடு வந்தாலும், வயது என்னவாக இருந்தாலும், ஈசிஜியும் ட்ரோபோனினும் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

கடைசியாக, இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் லூபஸ் நோயாளி ஒருவராவது இருந்தாரா, கடந்த 5 ஆண்டுகளில் உங்கள் கிளினிக்கின் லூபஸ் நோயாளிகளில் எத்தனை பேர் இதயக் கோளாறோடு வார்டில் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேரின் முந்தைய எக்கோ நார்மல் என்று இருந்தது: இந்த மூன்றுக்கும் 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதிலை அறிவிப்பு ஒட்டிய அதே கதவில் ஒட்டினால் போதும். அடுத்த மாதம் மூன்றாம் செவ்வாய் எனக்கு அப்பாயிண்ட்மென்ட் இருக்கிறது, வந்து படித்துக்கொள்கிறேன்.

லூபஸ் கிளினிக்கின் 14 வருட நோயாளி